புதுமையா, பகட்டா?

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று புதிதாகச் சந்தைக்கு வரும்போதெல்லாம், அதன் விளம்பரம் ஏதேனும் ஒரு சிறப்புக்கூற்றை முன்னிறுத்துகிறது. கண்ணாடி அணியாமலேயே காணக்கூடிய முப்பரிமாணக் காட்சி, கருவியின் பின்புறத்தில் தொடுதளம், பக்கவாட்டில் சுழற்றுவதற்கு ஒரு கைப்பிடி, கணினிச் சுட்டியைப் போல் மேசைமீது நகர்த்தக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி என அந்தப் பட்டியல் நீள்கிறது. விளம்பரத்தைப் பார்க்கும் இளையோருக்கு, இதுவரை இருந்த கருவிகள் எல்லாம் பழையனவாகிவிட்டன என்ற எண்ணம் உடனே எழுகிறது. ஆனால், அந்தச் சிறப்புக்கூறு விளையாட்டை வளப்படுத்துகிறதா, விற்பனையை மட்டும் வளப்படுத்துகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இக்கேள்வி பொழுதுபோக்கை மட்டும் பற்றியதன்று, பணத்தையும் பற்றியது. ஒரு கருவியின் விலை, பல குடும்பங்களின் ஒரு மாத மளிகைச் செலவை விழுங்கிவிடக் கூடியது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்ட வேலை செய்யும் பெற்றோர், பிள்ளையின் ஆசைக்காக அத்தொகையைச் சேர்க்கப் பல மாதங்கள் ஆகலாம். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் செலவிடாமல் சேர்த்து வைக்கும் மாணவர்களும் உண்டு. அப்படிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி, முதல் வாரத்திற்குப் பிறகு யாரும் தொடாத ஒரு கூற்றுக்காகப் போகிறதென்றால், அதைப் பற்றிச் சிந்திப்பது நம் கடமை.

புதுமைக்கும் பகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, நம் மாநிலத்தில் நன்கு அறியப்பட்ட பழைய விளையாட்டுப் பலகை ஒன்றே போதும். பல்லாங்குழிப் பலகையில் பொதுவாக வரிசைக்கு 7 குழிகளாக இரண்டு வரிசைகளில் 14 குழிகள் இருக்கும். மலாய்க்காரர்களும் பாபா நோன்யா சமூகத்தினரும் விளையாடும் சொங்காக் பலகையில், இவற்றோடு இரு முனைகளிலும் ஒவ்வொரு பெரிய குழி உண்டு. அதனை வீடு என்பர். ஆட்டக்காரர் தம் வீட்டைக் கடக்கும்போது அதில் ஒரு காயைப் போட வேண்டும். எதிராளியின் வீட்டில் போடக்கூடாது. கடைசிக் காய் தம் வீட்டில் விழுந்தால் மீண்டும் ஆடும் வாய்ப்புக் கிடைக்கும். ஆகவே, எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் கடைசிக் காய் வீட்டில் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டியுள்ளது. கூடுதலாக அமைந்த அந்தக் குழி, ஆடுபவரின் சிந்தனையையே மாற்றிவிடுகிறது.

அதே பலகையைப் பறவை வடிவில் செதுக்கலாம், பொன்வண்ணம் பூசலாம். காய்களாகச் சோழியைப் பயன்படுத்தலாம், புளியங்கொட்டையைப் பயன்படுத்தலாம். இவற்றால் ஆட்டத்தின் கணக்கு சிறிதும் மாறாது. செதுக்கு வேலைப்பாடு அழகானது. அழகு ஒரு குற்றமன்று. ஆனால், அந்த வேலைப்பாட்டைக் காட்டி, 'இது முற்றிலும் புதிய விளையாட்டு' என்று சொல்லி விற்றால், அதுதான் பகட்டு.

எனவே, எந்தச் சிறப்புக்கூற்றையும் மதிப்பிட எளிய சோதனை ஒன்றை நான் முன்வைக்கிறேன். அந்தக் கூற்றைக் கருவியிலிருந்து நீக்கிவிட்டதாக எண்ணிப் பாருங்கள். விளையாட்டு அப்படியே நடக்கிறதா? நடந்தால் அது பகட்டு. விளையாட்டு சிதைந்துபோகிறதா? சிதைந்தால் அது புதுமை. கையடக்க விளையாட்டுக் கருவிகளின் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இச்சோதனையின் வழி பார்த்தால், பல உண்மைகள் தெளிவாகும்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோகோய், 1980இல் கேம் அண்டு வாட்ச் என்னும் சிறிய கருவியை உருவாக்கினார். தொடர்வண்டிப் பயணி ஒருவர் பொழுதுபோகாமல் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டபோது அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கூறுவர். நன்கு பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தை, யாரும் எண்ணாத புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1982இல் வெளிவந்த அவருடைய டாங்கி காங் கருவி, புத்தகம்போல் மடங்கக்கூடியது. இரண்டு திரைகளைக் கொண்டது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோல் அதற்குப் பொருந்தாது. ஆகவே, இடக்கைக் கட்டைவிரலால் நான்கு திசைகளிலும் அழுத்தக்கூடிய தட்டையான சிலுவை வடிவப் பொத்தான் அதில் இடம்பெற்றது. அன்று அது விந்தையாகத் தோன்றியிருக்கலாம். இன்றோ, அது இல்லாத விளையாட்டுக் கருவியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீக்கிப் பார்க்கும் சோதனையில் முழுமையாகத் தேறிய கூறு அது.

1989இல் வந்த கேம் பாய் கருவியும் யோகோய் குழுவினரின் கைவண்ணமே. அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. மறு ஆண்டில் சேகா நிறுவனம் வெளியிட்ட கேம் கியர் கருவியிலோ வண்ணத்திரையும் பின்னொளியும் இருந்தன. கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கண் கேம் கியரைத்தான் நாடும். ஆனால், அந்த ஒளிக்கு ஒரு விலை இருந்தது. கேம் கியர் 6 மின்கலங்களை ஏறத்தாழ 3 முதல் 5 மணி நேரத்திற்குள் தீர்த்துவிடும். கேம் பாய்க்கு 4 மின்கலங்கள் போதும். அவை 10 மணி நேரத்திற்கும் மேல் உழைத்தன. கையில் எடுத்துச் செல்வதற்காகவே உருவான கருவி, பாதி வழியில் அணைந்துபோனால் என்ன பயன்? கேம் கியர் சுமார் 10 மில்லியன் விற்றது. கேம் பாயும் அதன் வண்ணத்திரை வாரிசும் சேர்ந்து 118 மில்லியனுக்கும் மேல் விற்றன. வண்ணம் பகட்டு என்று நான் சொல்லவில்லை. அது உண்மையான நன்மையே. ஆனால், ஒவ்வொரு கூறும் மின்சக்தியாகவோ எடையாகவோ பணமாகவோ தன் விலையைக் கேட்கும். அதைக் கணக்கில் கொள்ளாத பாராட்டு அரைகுறையானது.

2004இல் நிண்டெண்டோ டிஎஸ் அறிமுகமானபோது, அதனைப் பகட்டு என்றே பலர் எண்ணினர். இரண்டு திரைகள், தொடுதிரை, எழுத்தாணி, ஒலிவாங்கி ஆகிய அனைத்தும் ஒரே கருவியில் எதற்கு என்ற ஐயம் எழுந்தது. ஐயத்தைப் போக்கியவை விளம்பரங்கள் அல்ல, விளையாட்டுகளே. மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றில், கருவியைப் புத்தகம்போல் பக்கவாட்டில் பிடித்து, கணக்குகளின் விடைகளை எழுத்தாணியால் திரையிலேயே எழுதினர். பொத்தான்களைக் கண்டு தயங்கிய முதியவர்களும் அதனை விரும்பி விளையாடினர். நிண்டெண்டாக்ஸ் விளையாட்டில், திரையிலுள்ள நாய்க்குட்டியைப் பெயர் சொல்லி அழைத்தால் அது ஓடி வந்தது.

2007இல் வெளிவந்த செல்டா தொடர் விளையாட்டு ஒன்றில் நயமான புதிர் ஒன்று உண்டு. மேல் திரையில் உள்ள அடையாளத்தைக் கீழ்த்திரையில் உள்ள வரைபடத்தில் பதிக்க வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது நடவாது. கருவியை மூடித் திறந்தால்தான், முத்திரை குத்தியதுபோல் அடையாளம் படியும். ஒற்றைத் திரை உள்ள கருவியில் அப்புதிரை அப்படியே அமைக்க இயலுமா? இயலாது. டிஎஸ் குடும்பக் கருவிகள் உலகெங்கும் 154 மில்லியன் அளவில் விற்பனையானதற்கு இத்தகைய விளையாட்டுகளும் காரணம் என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான பாடத்தை அடுத்து வந்த கருவி கற்பித்தது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ 3டிஎஸ், கண்ணாடியின்றி முப்பரிமாணக் காட்சியைக் காட்டியது. திரையில் அமைந்த மெல்லிய தடுப்பு, இடக்கண்ணுக்கு ஒரு படத்தையும் வலக்கண்ணுக்கு வேறொரு படத்தையும் அனுப்பும். மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணரும். தொழில்நுட்பம் வியப்பானதுதான். ஆனால், கருவியைச் சற்றுச் சாய்த்தாலும் படம் இரண்டாகச் சிதறும். குலுங்கும் பேருந்தில் அமர்ந்து விளையாடினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். முப்பரிமாணத்தை இயக்கினால் மின்கலமும் விரைவில் தீர்ந்தது. 6 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் அக்காட்சியைப் பார்க்க வேண்டாம் என்று நிறுவனமே அறிவுறுத்தியது.

விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. 25,000 யென் விலையில் வந்த கருவி, ஆறே மாதத்திற்குள் 15,000 யென்னுக்கு இறங்கியது. நிறுவனத் தலைவர் சத்தோரு இவாத்தா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. புதிய கூறு ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் செலவை நிறுவனம் மட்டும் ஏற்பதில்லை; முதலில் வாங்குபவரும் ஏற்கிறார்.

3டிஎஸ் பின்னர் மீண்டெழுந்தது. மீட்டவை எவை? விலைக்குறைப்பும், அவ்வாண்டு இறுதியில் வந்த மரியோ விளையாட்டுகள் போன்ற நல்ல விளையாட்டுகளும்தாம். அவற்றுள் பெரும்பாலானவற்றை முப்பரிமாணத்தை அணைத்துவிட்டும் விளையாட முடிந்தது. 2013இல் நிண்டெண்டோ நிறுவனமே நீக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்து காட்டியது எனலாம். முப்பரிமாணக் காட்சி இல்லாத, விலை குறைந்த 2டிஎஸ் கருவியை அது வெளியிட்டது. அதே விளையாட்டு அட்டைகள் அதில் சிக்கலின்றி இயங்கின. எதை முன்னிறுத்திக் கருவிக்கே பெயர் சூட்டினார்களோ, அதை எடுத்துவிட்ட பிறகும் விளையாட்டுகள் குறைபடவில்லை. இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

மற்ற நிறுவனங்களும் இத்தவற்றிலிருந்து தப்பவில்லை. சோனி நிறுவனம் 2011 இறுதியில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் வீட்டா கருவியின் பின்புறத்தில் தொடுதளம் இருந்தது. கருவியைத் தாங்கிப் பிடிக்கும் விரல்கள் இருக்கும் இடமும் அதுவே. விரல் தவறுதலாகப் பட்டாலும் கருவி அதைக் கட்டளை என்று எண்ணிக்கொள்ளும். அத்தளத்தை உயிர்நாடியாகக் கொண்ட விளையாட்டுகள் மிகச் சிலவே.

நோக்கியா நிறுவனம் 2003இல் கைப்பேசியையும் விளையாட்டுக் கருவியையும் ஒன்றாக்கி என்-கேஜ் என்ற பெயரில் விற்றது. அதில் விளையாட்டு அட்டையை மாற்ற மின்கலத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. தொலைபேசியாகப் பேசும்போது கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இக்குறைகளை அந்நிறுவனம் மறு ஆண்டு வந்த மாதிரியில் திருத்தியது. ஆயினும், முதல் மாதிரி ஈட்டிய கேலிப்பெயர் மறையவில்லை. இரண்டு வேலைகளைச் செய்யும் கருவி என்றார்கள். இரண்டையும் அது இடர்ப்பாட்டோடுதான் செய்தது. இரண்டு படகுகளில் கால் வைத்த கதையாக அது முடிந்தது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். 'துணிந்து சோதித்துப் பார்க்காவிட்டால் புதுமை எப்படிப் பிறக்கும்? எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியான கருவியைச் செய்தால், விளையாட்டுலகம் சலித்துப்போகாதா?' என்று அவர்கள் கேட்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. சிலுவைப் பொத்தானும் டிஎஸ் கருவியின் தொடுதிரையும் துணிச்சலின் விளைவுகளே. யோகோய்கூட எல்லா முயற்சிகளிலும் வென்றவர் அல்லர். அவர் 1995இல் உருவாக்கிய வெர்ச்சுவல் பாய், கையடக்கமாகவும் இல்லாமல் முகத்தில் அணியவும் முடியாமல், மேசைமீது வைத்துக் குனிந்து பார்க்க வேண்டிய கருவியாக அமைந்தது. அதன் காட்சிகள் சிவப்பு நிறத்தில் மட்டுமே தெரிந்தன. ஓராண்டைக்கூட அது நிறைவாகக் கடக்கவில்லை. எனினும், தோல்வியடைந்த முயற்சிகள் எல்லாம் வீண் என்று கூறுவது நியாயமாகாது.

விந்தையான கூறு நல்ல விளையாட்டோடு சேர்ந்தே பிறந்த எடுத்துக்காட்டுகளும் உள்ளன. 2003இல் வந்த போக்தாய் என்னும் விளையாட்டின் அட்டையில், சூரிய ஒளியை உணரும் சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. இரத்தக்காட்டேரிகளை எதிர்க்கும் வீரன், தன் ஆயுதத்திற்குச் சூரிய ஒளியால் சக்தி ஏற்ற வேண்டும். அதற்காக விளையாடுபவர் வீட்டைவிட்டு உண்மையான வெயிலுக்கு வர வேண்டும். மலாக்காவின் நண்பகல் வெயில் அந்த வீரனுக்கு நல்ல துணையாக இருந்திருக்கும்; மழைக்காலமும் இரவு நேரமும் சோதனையாக இருந்திருக்கும். இது சிரமம் தரும் கூறுதான். ஆயினும், கதையும் கருவியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் இதனைப் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அதுபோலவே, 2022இல் பேனிக் நிறுவனம் வெளியிட்ட பிளேடேட் என்னும் கறுப்பு வெள்ளைத் திரைக் கருவியின் பக்கத்தில் சுழற்றும் கைப்பிடி ஒன்று உள்ளது. அக்கைப்பிடியை மனத்தில் கொண்டே பல விளையாட்டுகள் உருவாயின. ஒன்றில், கைப்பிடியைச் சுழற்றும் திசைக்கேற்பக் காலம் முன்னும் பின்னும் நகர்கிறது.

ஆகவே, விந்தையாக இருப்பது குற்றமன்று. கூற்றை உருவாக்கிவிட்டு, அதற்கேற்ற விளையாட்டுகளை உருவாக்காமல் கைவிடுவதே குற்றம். ஒரு கூற்றைக் கருவியில் சேர்ப்பது எளிது. அதை நம்பி நிற்கும் நல்ல விளையாட்டைப் படைப்பதுதான் கடினம். கடினமான பாதியைச் செய்யாமல் எளிய பாதிக்கு மட்டும் பணம் கேட்பதைத்தான் நான் பகட்டு என்கிறேன்.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றையும் காண்போம். 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், கையிலும் விளையாடலாம், தொலைக்காட்சியோடு இணைத்தும் விளையாடலாம் என்ற வாக்குறுதியோடு வந்தது. ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளிலும் அவ்வசதி பயன்பட்டது. அதே கருவியின் வலப்பக்கக் கட்டுப்பாட்டுக் கருவியில் அகச்சிவப்புக் கதிர் உணரி ஒன்றும் இருந்தது. அதனைப் பயன்படுத்திய விளையாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019இல் வந்த விலை குறைந்த லைட் மாதிரியில் அந்த உணரி இல்லை. 2025 ஜூன் மாதம் வந்த ஸ்விட்ச் 2 கருவியிலும் அது இல்லை. அதற்கு மாறாக, கட்டுப்பாட்டுக் கருவியைக் கணினிச் சுட்டிபோல் பயன்படுத்தும் வசதி புதிதாக வந்துள்ளது. அது நிலைக்குமா, உணரியின் வழியில் போகுமா என்பதை விளம்பரம் முடிவு செய்யாது. இனிவரும் விளையாட்டுகளே முடிவு செய்யும்.

பகட்டின் தீமை பணத்தோடு முடிவதில்லை. ஒலிவாங்கியில் ஊத வேண்டும், கருவியை விரைவாகச் சாய்க்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்தினால், உடற்குறை உள்ளவர்கள் விளையாட முடியாமல் ஒதுக்கப்படுகிறார்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவருக்கு முப்பரிமாணக் காட்சியால் பயனில்லை. 3டிஎஸ் கருவியில் அக்காட்சியை அணைத்துவிட ஒரு நகர்த்தி இருந்தது பாராட்டுக்குரியது. தேவையில்லாதவர் அணைத்துவிடக்கூடிய கூறு, கட்டாயமாகத் திணிக்கப்படும் கூற்றைவிட எப்போதும் மேலானது. மேலும், தனித்தன்மையான ஒரு கூற்றையே நம்பிய விளையாட்டைப் பிற்காலக் கருவிகளுக்கு மாற்றுவது கடினம். இரண்டு திரைகளுக்காகப் படைத்ததை ஒரே திரையில் அடைக்க வேண்டியுள்ளது. எனவே, அத்தகைய கூற்றைச் சேர்ப்பவர்கள் பொறுப்புணர்வோடு சேர்க்க வேண்டும்.

விலை மலிவான கருவிகளிலும் பகட்டு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1990களில் இரவுச் சந்தைகளில் கட்டைகளை அடுக்கும் விளையாட்டுக் கருவிகள் மலிவாக விற்கப்பட்டன. '9999 விளையாட்டுகள்' என்று அவற்றின்மீது அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகளே. வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பார்கள். இன்றும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் உள்ளதாகக் கூறும் சிறு கருவிகள் சந்தைகளிலும் இணைய அங்காடிகளிலும் கிடைக்கின்றன. அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணும் ஒரு பகட்டுக் கூறே.

அப்படியானால், ஒரு கருவியை வாங்க விரும்பும் மாணவர் என்ன செய்ய வேண்டும்? அது வெளிவந்த அன்றே வாங்கத் துடிக்காமல் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தச் சிறப்புக்கூற்றை உண்மையாகப் பயன்படுத்தும் விளையாட்டுகள் எத்தனை வந்துள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூற்றை அணைத்துவிட்டு விளையாட முடியுமா, அது இல்லாத விலை குறைந்த மாதிரி உண்டா, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், உடைந்தால் பழுதுபார்க்க இயலுமா என்று விசாரிக்க வேண்டும். வாங்கியவரிடம், 'முதல் நாள் எப்படி இருந்தது?' என்று கேட்பதைவிட, 'மூன்றாம் மாதத்திலும் அதைப் பயன்படுத்துகிறாயா?' என்று கேட்பதே நல்லது. நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்தால், பத்து விளம்பரங்கள் சொல்லாத செய்தி விளங்கிவிடும்.

இக்கேள்விகள் விளையாட்டுக் கருவிக்கு மட்டும் உரியனவல்ல. நாளை நாம் வாங்கப்போகும் திறன்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இவை பொருந்தும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அதே வேளையில், மின்னுகிறது என்பதற்காகவே ஒன்றைப் பொய் என்று ஒதுக்குவதும் அறிவுடைமையாகாது. உரசிப் பார்த்துத்தான் பொன்னை அறிய வேண்டும். விளையாட்டுக் கருவிக்கு உரைகல், அதில் நாம் தொடர்ந்து விரும்பி விளையாடும் விளையாட்டே ஆகும்.